ஆளில்லாக் குடாவில் அயல் தேடியது

ஐம்பது படகுகள் தாராளமாக நிற்கக்கூடிய ஒரு குடாவில், அங்கே நின்ற ஒரேயொரு படகுக்குப் பக்கத்தில் போய் நாங்கள் நங்கூரம் போட்டோம். கரீபியன் கடல் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்பவர் படகோட்டத் தெரிந்தவராக இருந்தால் சிரிப்பார். மற்றவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. அன்று எங்களுக்கும் விளங்கவில்லை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்கிறவர்கள் நாங்கள்; பக்கத்தில் ஆள் இருப்பதை ஒரு குறையாக நினைத்துப் பழகியவர்கள் அல்ல.

படகு மாமாவின் யோசனை. மாமா என் அம்மாவின் அண்ணன். தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், டிராம் நிறுத்தத்துக்கு அருகே ஒரு கடை வைத்திருக்கிறார். பால், பாண், பத்திரிகை, பார்சல் என்று விடியற்காலை தொடங்கி இரவுவரை கல்லாவுக்குப் பின்னால் நின்றே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்கோ லண்டனின் விளிம்பிலுள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போனார். அங்கே சிறிய பாய்மரப் படகுகள் ஓடுவதைக் கண்டார். கேக் வெட்டியபோது அவரைக் காணவில்லை. கரையில் நின்று படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த மாரிக் குளிரில் மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கினார். வார இறுதிகளில் தென்கரைக்குப் போய்க் கடலில் பழகினார். கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டினார். சிகரெட் வாங்க வருபவர்கள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போக முடியாது.

என்னை இதற்குள் இழுத்தது ஒரு விபத்து. மாமாவின் மகன்தான் கூடப் போவதாக இருந்தது. அவனுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நான் இல்ஃபோர்டில் பெற்றோருடன் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். கடற்பயணங்கள் பற்றிய நூல்களை நிறையவே படித்திருந்தேன். அவற்றில் புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது, மனிதர்கள் தம் ஆன்மாவோடு வாதாடினார்கள். ஐந்து மீற்றர் ஆழத்தில் சங்கிலியை எவ்வளவு நீளத்துக்கு விட வேண்டும் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. ஆழத்தின் ஐந்து மடங்கு. இதை மாமாவின் பாடப்புத்தகம்தான் எனக்குச் சொன்னது. நங்கூரத்தின் பாரம் படகைப் பிடித்து வைப்பதில்லை. கடலடியில் கிடையாகப் படுத்திருக்கும் சங்கிலிதான் நங்கூரத்தை மண்ணுக்குள் புதைய வைக்கிறது. அந்தப் பக்கத்தை நான் இரண்டுமுறை படித்தேன். மிகையில்லாத நல்ல உரைநடை.

நங்கூரம் போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் சுக்கானில், மற்றவர் முன்முனையில் சங்கிலிக்குப் பக்கத்தில். எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே கைச்சைகைதான் மொழி. எங்கள் குடும்பத்தில் பேசாமல் ஒரு காரியம் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு. மாமா என்னைத் தேர்ந்ததன் காரணமும் அதுதான். "நீ கத்தமாட்டாய், பிள்ளை. எனக்கு அதுதான் வேணும்" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மிச்சத்து வீட்டின் முன்வாசலில் பயிற்சி நடந்தது. மாமா கடைச் சாமான் ஏற்றும் வானில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் வானுக்கு முன்னால், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு கூடையைக் கயிற்றில் கட்டிப் பிடித்தபடி நின்றேன். கையை முன்னே நீட்டினால் முன்னுக்கு. முஷ்டி என்றால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் நங்கூரம் இறங்குகிறது. வான் அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் போனது. இடதுபக்க வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டட வேலை செய்பவர். ஊர்ப் புதினம் எதையும் தவற விடாதவர்.

"அண்ணை, வானைக் கடலுக்கை விடப்போறியளோ? இன்சூரன்ஸ்காரனிட்டக் கேட்டனீங்களோ?"

மாமா தலையைத் திருப்பவில்லை. "நீர் முதல்ல உம்மட கராஜ் கதவைத் திறக்கப் பழகும். ஆறு மாசமா ஜன்னலாலதானே போய் வாறீர்" என்றார்.

மாமி குசினி ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். அவருடைய கவலை வேறு. மாமாவுக்கு இது ஒரு வார விடுமுறையோடு முடிகிற ஆசையல்ல. கடையைக் கைமாற்றிவிட்டு, வீட்டையும் விற்று, ஒரு படகு வாங்கி, ஆண்டின் குளிர்ப்பாதியை அதிலேயே கழிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆள் நடமாட்டமில்லாத குடாக்களில், நாள் முழுக்கக் கடைக் கதவின் மணியைக் கேட்ட அவருடைய சொல்லில், "பெல் அடிக்காத இடத்தில".

மாமி லண்டனுக்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர். கலியாணம் முடித்த புதிதில் அவர்கள் தென் ஜேர்மனியின் ஒரு சிறிய பட்டினத்தில் இருந்தார்கள். அயலவர்கள் நல்லவர்கள், படிக்கட்டில் கண்டால் வணக்கம் சொல்வார்கள். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கதவைத் தட்டியதில்லை. அடுத்த தமிழ் வீட்டுக்கு ரயிலில் போக வேண்டும். பிறகு லண்டனுக்கு வந்தபோது வீட்டைத் தேர்ந்தவர் மாமி. அறைகளையோ குசினியையோ அவர் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார். இன்று அந்த வேலிக்கு மேலால் போகாத பலகாரம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவது கேட்டால்தான் தனக்கு நித்திரை வரும் என்பார்.

அதனால் மாமி ஒரு நிபந்தனை வைத்தார். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல், அதைச் சொன்னார்.

"ஒரு கிழமை வாறன். ஒரு சனமும் இல்லாத இடத்தில ஒரு ராத்திரி நிண்டு பாக்கிறன். விடியச் சொல்லுறன், வீட்டை விக்கிறதோ இல்லையோ எண்டு."

மாமா உடனே சம்மதித்தார். ஆகவே நாங்கள் கரீபியனுக்குப் போனது ஓர் இரவுக்காக. மற்ற நாட்கள் அந்த இரவுக்குப் போகும் வழி.

வாடகைக்கு எடுத்த படகு வெள்ளையாகவும் துப்பரவாகவும் இருந்தது. மாமி அதன் சிறிய குசினியை முதல் மணித்தியாலத்திலேயே மிச்சத்துக் கறித்தூள் வாசனைக்கு மாற்றிவிட்டார். மூன்றாம் நாள் பிற்பகல், மாமா வரைபடத்தில் பல மாதங்களாக விரல் வைத்துப் பார்த்திருந்த குடாவுக்குள் நுழைந்தோம். செங்குத்தான பச்சை மலை, அதன் அடியில் ஒரு வரிசைத் தென்னை, கூரை போன ஒரு கற்கட்டடம். வீடு இல்லை, பாதை இல்லை. தண்ணீர் ஆழமான இடத்தில் கருநீலமாகவும் கரையை நெருங்க நெருங்கப் பச்சையாகவும் இருந்தது. பச்சைக்குள் கறுத்த திட்டுகளும் வெளுத்த திட்டுகளும் தெரிந்தன. கறுப்பு என்றால் கடற்புல், வெள்ளை என்றால் மணல். புல்லில் நங்கூரம் வழுக்கும், மணலில்தான் புதையும்.

வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மணல்திட்டு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் முன்முனையில் நின்று அதை நோக்கிக் கையை நீட்டினேன். மாமா படகைத் திருப்பினார். எல்லாம் முன்வாசலில் பழகியபடியே நடந்தது. அப்போதுதான் மாமி தெற்குப் பக்கத்தில் நின்ற படகைக் கண்டார்.

அவர் சொன்னது காற்றில் எனக்கும் கேட்டது. "இஞ்சேருங்கோப்பா, அங்க ஏன் போறியள்? உதில ஒரு போட் நிக்குதெல்லோ. அதுக்குப் பக்கத்தில நிப்பாட்டுங்கோ. ஏதும் ஒண்டெண்டாலும் கூப்பிடலாம்."

என் கை வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. படகு தெற்கே போனது. இதற்கென்று ஒரு சைகையை நாங்கள் வைத்திருக்கவில்லை.

நங்கூரம் ஒழுங்காகவே பிடித்தது. அதைச் சொல்ல வேண்டும். மாமா எஞ்சினை நிறுத்தியதும் வந்த அமைதியில், மலையிலிருந்து ஆடு கத்துவது கேட்டது. மாமா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பக்கத்துப் படகிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்து, முன்முனைக்கு நடந்து, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். மாமா கை அசைத்தார். மாமி கை அசைத்தார். நானும் அசைத்தேன். அவர் அசைக்கவில்லை. மிச்சத்தில் ஒருவர் வாசலுக்கு வந்து நின்று நம்மைப் பார்த்தால் அவருக்குக் கதைக்க விருப்பம் என்று பொருள். மாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தகரத்தில் அடைத்த ரின்மீனில் கட்லட் பொரிக்கக் கீழே போனார்.

எண்ணெய் சூடாவதற்குள் அந்த மனிதர் சிறிய ரப்பர் படகில் எங்களிடம் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், கயிறு கட்டிய தொப்பி. நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில், இது ஒரு அழகான மாலை என்றும், நீங்கள் எங்களுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்றும் சொன்னார். பகலில் காற்று ஒரே திசையில் வீசுவதால் எதுவும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் மலையோரக் காற்று தளர்ந்து திரும்பும். அப்போது படகுகள் தத்தம் சங்கிலியில் சுழலும். உங்கள் படகு ஒரு பக்கமாகவும் எங்களுடையது மறுபக்கமாகவும் சுழன்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். குடா பெரியது, என்று முடித்தார்.

அவர் சொன்னது சரி. அதுவும் நான் இரண்டுமுறை படித்த பக்கத்தில் இருந்தது. நங்கூரம் போட்ட படகு ஓரிடத்தில் நிற்பதில்லை. தன் சங்கிலியின் நீளத்துக்கு ஒரு வட்டத்தைத் தனக்கென வைத்திருக்கிறது. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாமா இதில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர். மாமியின் ஒரு சொல்லுக்கு முன்னால் வட்டம் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் இப்போது தொண்டையைச் செருமி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

அதற்குள் மாமி கட்லட் தட்டோடு மேலே வந்தார். பக்கத்துப் படகின் பின்னால் கட்டியிருந்த ஜேர்மன் கொடியை அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். வந்தவரிடம் ஜேர்மனில் பேசினார்.

எனக்கு அந்த மொழி தெரியாது. மாமி பிறகு சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் சொல்வது சரி, நாங்கள் இடம் மாறுகிறோம், முதலில் இதைச் சாப்பிடுங்கள் என்றாராம். வந்தவர் ஒரு கணம் தடுமாறினார். ஜேர்மன் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். மாமி அந்தச் சிறிய பட்டினத்தின் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தார். அவருடைய மனைவிக்கு அதற்கு அருகேதான் ஊராம். ஒரு கட்லட்டை எடுத்தார். உறைப்பில் சற்று நேரம் பேச்சிழந்தார். இன்னொன்றையும் எடுத்தார். நீங்கள் எவ்வளவு காலமாக இங்கே நிற்கிறீர்கள், வேறு யாரும் வருவதில்லையா என்று மாமி கேட்டார். சில வாரங்களாக நிற்கிறோம், ஒருவரும் வருவதில்லை, அதற்காகத்தான் இந்த இடம் என்றார் அவர். தட்டை மனைவிக்கென்று மாமி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

ரப்பர் படகு விலகியதும் மாமி எங்களிடம் திரும்பினார். "ஒருத்தரும் வரமாட்டினம் எண்டுதான் இஞ்ச வந்து நிக்கினமாம். நாங்கள் வந்து கதவைத் தட்டிப்போட்டம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய கண் குடாவின் வடக்குப் பக்கத்துக்குப் போனது. அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. சூரியன் மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. மாமா அவர் பார்ப்பதைப் பார்த்தார். இந்த இரவுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏலாதெண்டாச் சொல்லும். வெளிச்சம் இருக்கேக்கை துறைமுகத்துக்குத் திரும்பலாம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

மாமி கையைத் துடைத்தார். "சொன்னனான்தானே. எடுங்கோ நங்கூரத்தை."

இரண்டாம் முறை போடுவது முதல்முறையைப் போல் எளிதாக இருக்கவில்லை. தாழ்ந்த வெயில் நீரின் மேல் பட்டுத் தெறித்தது. அரைமணி நேரத்துக்கு முன் தெளிவாகத் தெரிந்த மணல்திட்டு இப்போது வெறும் பளபளப்பு. நான் குத்துமதிப்பாக உள்ளங்கையை அழுத்தினேன். சங்கிலி இறங்கியது. மாமா எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டபோது சங்கிலியின் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். இது நடுங்கியது, சரளைக் கல்லில் பெட்டியை இழுப்பதுபோல. புல்லில் வழுக்குகிறது என்று பொருள். நான் முஷ்டியை உயர்த்தினேன். மேலே வந்த நங்கூரத்தில் ஒரு கட்டுக் கடற்புல் தொங்கியது.

மாமி கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்முனைக்கு வந்தார். அவர் அதுவரை அங்கே வந்ததில்லை. "என்ன தெரியேல்ல உனக்கு?" என்று கேட்டார். வெயில் கூசுகிறது, அடி தெரியவில்லை என்றேன். அவர் தன் சால்வையைக் கழற்றி, இரண்டு கைகளாலும் விரித்து, என் முகத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் பிடித்தார். காற்றில் அது பாய்போலப் புடைத்தது. அதன் நிழலுக்குள் குனிந்து பார்த்தேன். பச்சை, பச்சை, கறுப்பு, பிறகு ஒரு வெள்ளை விளிம்பு. கையை நீட்டினேன். முஷ்டி. உள்ளங்கை.

சங்கிலி ஓடி முடிந்து படகு பின்னால் சாய்ந்தபோது மாமியிடம் காலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, நாடி பார்ப்பவரைப்போல நின்றார்.

"நடுங்கேல்ல" என்றார்.

அதன் பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைத் தேர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவை ஒரே கோட்டில் நின்றால் படகு இழுபடவில்லை. நான் கற்கட்டடத்தின் மூலையையும் அதன் பின்னே நின்ற தென்னையையும் பிடித்திருந்தேன். என்ன பார்க்கிறாய் என்று மாமி கேட்டார், சொன்னேன். அதோடு அந்த வேலை என் கையைவிட்டுப் போய்விட்டது. மாமி கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மரம் சுவரோடுதான் நிற்கிறது என்று சாப்பாட்டுக்கு நடுவிலும் மாமாவுக்கு அறிவித்தார்.

இருட்டுவதற்குச் சற்று முன் காற்று திரும்பியது, அந்த மனிதர் சொன்னபடியே. எங்கள் படகு மெல்லச் சுழன்றது. தூரத்தில் அவர்களுடையதும் சுழன்றது. இரண்டு வட்டங்களுக்கும் நடுவே இப்போது நிறைய நீர் இருந்தது. அவர்களுடைய பாய்மர உச்சியில் ஒரு விளக்கு எரிந்தது. மாமி அதைப் பார்த்தார். படுக்கைப் பாயை உதறி விரித்துக்கொண்டு படுத்தார்.

விடியற்காலை நான் எழுந்தபோது மாமி தேநீரோடு வெளியே இருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒருமுறையும் விழிக்கவில்லை என்றார். மாமாவின் கண்கள்தான் சிவந்திருந்தன. அவர் எத்தனை தடவை எழும்பி மேலே போனார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் தலைக்கு மேலால்தான் நடந்தார்.

மாமா தீர்ப்பைக் கேட்கவில்லை, மாமியும் சொல்லவில்லை. மூவரும் தேநீர் குடித்தோம். அதற்குள் ரப்பர் படகு மறுபடி வந்தது, இம்முறை இருவரோடும். அந்த அம்மா கழுவிய தட்டைத் தந்தார். அதில் கறுத்த பாணின் துண்டுகள் அடுக்கியிருந்தன. தாங்கள் புறப்படுவதாகச் சொன்னார். ஜேர்மனை எப்போதோ மறந்துவிட்ட மாமா கலங்கிப்போய், எங்களால்தானா என்று கேட்கச் சொன்னார். மாமி கேட்டார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். தாங்கியில் தண்ணீர் முடிந்துவிட்டதாம்.

அவர்களுடைய பாய் குடாவின் வாயைத் தாண்டி மறைந்தது. இப்போதுதான் குடா உண்மையில் வெறுமையானது. மாமி கறுத்த பாணுக்குச் சம்பல் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா முன்முனைக்குப் போனார், வந்தார். ஒழுங்காகச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினார். தூரநோக்கியை எடுத்துக் குடாவின் வாயைப் பார்த்தார். கடைசியில் எங்கள் எதிரே வந்து அமர்ந்தார்.

"பக்கத்துக் குடாவில பத்துப் பன்ரெண்டு போட் நிக்குமாம். அங்க போவமோ?"

"ஏன், இஞ்ச என்ன குறை?"

"ஒண்டுமில்லை. சும்மாதான். கதைக்க ஆக்கள் இருப்பினம்."

மாமி சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தேநீர்க் கோப்பையை என்னிடம் தந்துவிட்டுச் சிரித்தார். மாமா முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் தூரநோக்கியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவையள் போய் ஒரு மணித்தியாலமும் ஆகேல்ல, பெல் அடிக்குதோ எண்டு பாக்கிறியள்" என்றார் மாமி. "நாள் முழுக்கக் கடையில நிண்டு ஊரோட கதைச்ச மனிசன். எனக்குத்தான் அயல் வேணுமெண்டு இவ்வளவு நாளும் நான் பயந்துகொண்டிருந்தன். எனக்கு ஆளில்லாத இடத்தில நித்திரை வருது. உங்களுக்குத்தான் வரேல்ல."

மாமா தூரநோக்கியை உறைக்குள் போட்டார். மாமியே தொடர்ந்தார்.

"வீடு நிக்கட்டும். மாரிக்கு மாரி இப்பிடி வாடகைக்கு எடுத்து வருவம். ரெண்டு கிழமையெண்டாலும் சரி. இவளும் வரட்டும்."

மாமா "ஓம்" என்றார். அவ்வளவு விரைவாக அவர் ஒரு விஷயத்துக்கு ஓம் சொல்லி நான் கேட்டதில்லை. பல ஆண்டுக் கனவு ஒன்று பாதியாகக் குறைந்ததற்கான துக்கத்தை அவர் முகத்தில் தேடினேன். இரவு முழுவதும் எழும்பிப் பார்த்த களைப்புத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

சற்றுக் கழித்து அவர் தொண்டையைச் செருமினார். வீட்டுக்கு விலை மதிப்பதற்கு அடுத்த கிழமை ஒரு ஏஜென்ட் வருவதாக இருக்கிறது, நான் முன்பே சொல்லி வைத்துவிட்டேன் என்றார். மாமி தனக்கு அது தெரியும் என்றார். மாமா உடனே எழுந்தார். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்முனைக்குப் போனார், அந்த ஏஜென்டுக்கு வரவேண்டாம் என்று செய்தி அனுப்ப. கையை உயர்த்திப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். அந்தக் குடாவில் சிக்னல் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. பக்கத்துக் குடாவுக்குப் போக இப்போது ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. மாமி சம்பல் கோப்பையை மூடி வைத்தார். நான் எழுந்து சங்கிலிப் பக்கம் போனேன்.